கோல் வராத காலமும் வந்த காலமும்

2025 ஏப்ரலில் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையைத் தாண்டிய ஐஸ் ஹொக்கி வீரர் அலெக்சாண்டர் ஒவெச்கினுக்கு, 2013 ஜனவரியில் பருவகாலம் தொடங்கியபோது கோல்கள் இலகுவில் வாய்க்கவில்லை. உடனே வொஷிங்டன் கப்பிட்டல்ஸ் இரசிகர்கள் இரண்டுபட்டனர். 2008இல் 13 ஆண்டுகளுக்கு 12 கோடியே 40 இலட்சம் டொலருக்கு ஒப்பந்தமானவருக்கு இனி ஏது பசி என்றனர் ஒரு சாரார்.

சம்பளத்தை எண்ணியவர்கள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அணி உரிமையாளர்களின் கதவடைப்பினால் பருவகாலம் 48 ஆட்டங்களாகச் சுருங்கியிருந்தது. ஆயத்தப் பயிற்சிக்கு ஏறத்தாழ ஒரு வாரமே. போதாக்குறைக்கு, இடது ஓரத்தில் ஆடிப் பழகியவரைப் புதிய பயிற்றுநர் அடம் ஓட்ஸ் வலது ஓரத்துக்கு மாற்றியிருந்தார். அது கைவர நாளெடுத்தது. ஏப்ரல் முடிவில் 32 கோல்களுடன் அவரே முதலிடம். அதிசிறந்த வீரருக்கான ஹார்ட் விருதும் அவருக்கே.

முணுமுணுப்பு அடங்கிற்று. எனக்கோ, கேள்வி தவறான பருவகாலத்தில் கேட்கப்பட்டதாகவே படுகிறது. அடுத்த ஆண்டு அவர் அடித்தவை 51 கோல்கள். ஆனால், அவர் களத்தில் நின்ற வேளையில் அணி போட்டதையும் வாங்கியதையும் ஒப்பிடும் கணக்கில் (பவர் பிளே கோல்கள் இதில் சேரா) அவரது பெறுபேறு கழித்தல் 35! தட்டு எதிரணியிடம் போனதும் தற்காப்புக்கு விரைந்து திரும்பினாரா என்று துருவ வேண்டிய காலம் அதுவே. 2014இல் கப்பிட்டல்ஸ் பிளேஓஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை.