டபுள் என்ட்ரி

பி.காம். படித்தவனுக்கு எது மறந்தாலும் ஒன்று மறக்காது. இடது பக்கம் டெபிட், வலது பக்கம் கிரெடிட், கடைசியில் இரண்டும் டாலி ஆக வேண்டும். ஆகாவிட்டால் ராத்திரி வீட்டுக்குப் போக முடியாது. என்னுடைய இந்த ஒரே சித்தாந்தத்தையும் போன மே மாசம் இருபத்து நாலு வயசுப் பையன் ஒருத்தன் தவிடுபொடியாக்கிவிட்டான்.

எங்களுக்கு ஒரு பேண்ட் உண்டு. (கல்யாண ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டுப் போட்டு வருவார்களே, அது இல்லை.) நாலு பேர். நாலு பேருமே ஒன்பதரைக்கு கார்டு தேய்க்கிற ஜாதி. ஒருத்தர் பாடுவார், ஒருத்தர் பேஸ் கிடார், ஒருத்தன் டிரம்ஸ். அடியேன் அக்கூஸ்டிக் கிடார். ஆறு வருஷத்தில் ஏழு மேடை. அதில் மூன்று ஆபீஸ் ஆண்டு விழா. சொந்தமாக ஒரே ஒரு பாட்டு. அதை ரிக்கார்ட் பண்ணணும், பண்ணணும் என்று டீக்கடையில் பேசியே காலம் ஓடியது. திடீரென்று டிரம்மருக்குப் புனேவுக்கு டிரான்ஸ்ஃபர். புதன்கிழமை ரயில். கையில் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

நம்மூரில் கிடார் வாங்கிய எவனும் முதல் மாசமே 'இளைய நிலா'வில் கை வைப்பான். 'பயணங்கள் முடிவதில்லை' 1982-ல் வந்தது. முயற்சிகள் இன்னும் முடிவதில்லை. நானும் அந்த மாதிரி விரலால் மீட்டுகிற ஓர் ஆரம்ப இசை தயார் பண்ணியிருந்தேன். மூன்று வார சாதகம். பேண்ட் போனாலும் நம்ம பேர் நிற்க வேண்டாமா?

ஸ்டுடியோ என்பது ஒரு படுக்கையறை. பையன் முதலில் ஃபேனை நிறுத்தினான். அப்புறம் ஏ.ஸி. அப்புறம் என் வாட்ச்சைக் கழற்றச் சொன்னான், டிக் டிக் விழுமாம். கடைசியில் சட்டை. பொத்தான் கிடாரின் முதுகில் உரசுமாம். மே மாசம், மூடிய அறை, பனியனோடு நான். நல்லவேளை, வீடியோ இல்லை.

மைக்கை கிடாரின் வட்ட ஓட்டைக்கு எதிரே இழுத்து வைத்தேன். பையன் சிரித்துக்கொண்டே அதைப் பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கம் ஒரு சாண் தள்ளி வைத்தான்.

"சத்தம் அங்கேருந்துதான் வருதுன்னு எல்லாரும் ஓட்டைகிட்டதான் வைப்பாங்கண்ணா. அங்க வெறும் 'பூம்'தான் மிஞ்சும்."

நிஜம்தான். கிடார் வயிற்றில் இருக்கிற காற்று சுமார் 100 ஹெர்ட்ஸில் தானே பானை மாதிரி முழங்கும். கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்துப் பக்கம் வைத்தால், கம்பியின் கிணுகிணுப்பும் மரத்தின் குரலும் சமமாக வரும்.

வாசித்தேன். பாடகர் பாட ஆரம்பித்த பிறகும் என் விரல்கள் ஓயவில்லை. பையன் கேட்டான். "தனியா கேட்டா சூப்பர்ணா!"

ஆபீஸில் மெமோ இப்படித்தான் ஆரம்பிக்கும்.

மற்றவர்களோடு சேர்த்துப் போட்டுக் காட்டினான். பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், என்னுடையது 82. கூடவே பெரிய டிரம். மூன்று தடியர்கள் ஷேர் ஆட்டோவின் முன் சீட்டில். பாடகர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தார்.

பையன் என் கிடாரில் 150-க்குக் கீழே இருந்ததையெல்லாம் குறைத்தான். "இந்தப் பாட்டுல உங்க கிடார் முக்கால்வாசி தாளம்ணா. விரல் வேலை வேணாம். ஷேக்கர் மாதிரி நினைச்சுக்கிட்டு சும்மா ஸ்டிரம் பண்ணுங்க."

மூன்று வாரம் சாதகம் பண்ணினவனைக் கிலுகிலுப்பை என்கிறான்! பாடகர் கூரையைப் பார்த்தார். அவருக்கும் அதே அபிப்பிராயம் என்று புரிந்தது. ஸ்டிரம் பண்ணிக் கேட்டேன். தனியாகக் கேட்டால் கொசுவலையைச் சொறிகிற சத்தம். எல்லோரோடும் கேட்டால், பாட்டு முதல் தடவையாக மூச்சு விட்டது. மூன்று வாரத்தை வாராக் கடனில் எழுதினேன்.

"இப்ப அதையே இன்னொரு தடவை வாசிங்கண்ணா. ஒண்ணு வலது காது, ஒண்ணு இடது காது."

"காப்பி பண்ணிப் போட்டுக்கயேன்?"

"ரெண்டும் ஒண்ணாவே இருந்தா நடுவுலதான் கேக்கும். சத்தம்தான் ஜாஸ்தியாகும். கொஞ்சம் வித்தியாசம் இருந்தாதான் பாட்டு அகலமாகும்."

அதாவது, டாலி ஆகவே கூடாது! ஜான் லெனனுக்கே இந்த ரெட்டை வேலை அலுப்பு. அவர் குரலுக்காக 1966-ல் லண்டன் ஈ.எம்.ஐ. ஸ்டுடியோவில் கென் டவுன்சென்ட் என்ற இன்ஜினீயர், டேப் மெஷினை வைத்து ஒரு தந்திரம் செய்தார். காப்பிதான், ஆனால் நூலிழை தள்ளி, லேசாக வேகம் ஏறி இறங்க. மெஷினைக்கூடக் கொஞ்சம் தடுமாற வைத்தால்தான் அது இன்னொரு ஆளாகத் தெரிந்தது.

எங்களிடம் தடுமாற ஆள் இருந்தேன். ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி, ஜி கார்டை டி வடிவத்தில் பிடித்து இரண்டாம் தடவை ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் நிமிர்ந்தேன். காலையிலேயே தன் பங்கை முடித்துவிட்ட டிரம்மர், மூலையில் உட்கார்ந்து ஸ்டிக்குகளைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டிருந்தான். ஆறு வருஷமாக நான் எங்கே தாளம் விட்டாலும் கையைப் பிடித்துக் கரை சேர்த்தவன். என் கை ஒரு கணம் பிந்தியது.

பாட்டு முடிந்ததும் பையன், "மூணாவது வரியில லேட்டுண்ணா. இன்னொண்ணு எடுத்துடலாம்" என்றான்.

டிரம்மர் நிமிரவில்லை. "விடு தம்பி. ஆறு வருஷமா அவன் அங்க லேட்டுதான். அது இல்லேன்னா எனக்கே அடையாளம் தெரியாது."

விட்டுவிட்டோம்.

புதன்கிழமை ஸ்டேஷன். அவன் போனில் பாட்டு. ஒரே இயர்போன், இடது அவன் காதில், வலது என் காதில். எனக்குக் கேட்டது முதல் தடவை வாசித்தது, ஒழுங்கான கிடார். தாமதித்த கிடார் அவனுக்கு. மூன்றாவது வரி எப்போது வந்தது என்று அவன் சிரித்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அன்றைக்கென்று பார்த்து, ரயில் மட்டும் கரெக்ட் டைமுக்குக் கிளம்பியது.