ஞாயிற்றுக்கிழமை ஓடாதவன்

இந்துக் கல்லூரியொன்றின் விழா மலரிலே ஒரு கிறிஸ்தவன் எழுதுவதற்கு என்ன இருக்கின்றதென்று வாசகர் சிலர் வியக்கக்கூடும். நானும் வியந்தேன். மலர்க் குழுவினர் கட்டுரை வேண்டி எழுதியபோது, விளையாட்டைப் பற்றி நாலு வார்த்தை எழுதி ஒப்பேற்றிவிடலாமென்றே எண்ணினேன். பேனாவை எடுத்ததும், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக என் நெஞ்சிலே கிடந்த ஒரு சிறு பொய் முன்னே வந்து நின்றுகொண்டது. அதைச் சொல்லாமல் வேறெதையும் சொல்ல இயலவில்லை.

புளத்கொகுபிட்டியப் பகுதியிலே ஓர் இறப்பர்த் தோட்டத்தில் என் தந்தையார் கணக்கப்பிள்ளையாக இருந்தார். விடியுமுன் தப்பொலி கேட்டு எழுந்து, பெரட்டுக்குப் போய், பால் வெட்டச் செல்லும் மக்களிடையே வளர்ந்தவன் நான். லயத்து மக்களிற் பெரும்பாலோர் மாரியம்மனை வழிபடுவோர். நாங்களோ, 1850களில் தோட்டங்களிலே தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் வழிவந்த சிறு சபையினர். (அந்தப் பெயரை இன்று சொல்லக் கூசுகின்றது, அன்று அது பெயர்ப்பலகையிலேயே இருந்த பெயர்.) எங்கள் வீட்டிலே ஞாயிறு மிகக் கண்டிப்பாக அனுட்டிக்கப்பட்டது. அன்று பந்து இல்லை, ஓட்டம் இல்லை, சினிமாப் பாட்டு அறவே இல்லை.

எங்கள் உபதேசியார் அடிக்கடி சொல்லும் கதையொன்று உண்டு. எரிக் லிடெல் என்னும் ஸ்கொத்லாந்து வீரர், 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிறன்று வந்ததால் அதில் ஓட மறுத்தார். பின்னர் 400 மீற்றரில் 47.6 செக்கனில் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார். இக்கதையைக் கேட்டு வளர்ந்த பையன் நம் கல்லூரி விடுதிக்கு வந்து சேர்ந்த காலமோ விசித்திரமானது. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் வார ஓய்வு போயா தினங்களையொட்டியே வந்தது என்பதை இளைய வாசகர் அறியார். சந்திரன் எந்தக் கிழமையைக் காட்டுகின்றானோ அதுவே ஓய்வு நாள். ஞாயிறு வேலைநாள், பள்ளி நாள். பௌத்தர்களுக்கு அது நெடுநாள் வேண்டுகையின் நிறைவேற்றம். கிறிஸ்தவர்களுக்கோ விடியற்காலை ஆராதனையை முடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடும் காலம். பள்ளிக்குச் செல்வது சட்டம், விளையாடுவது விருப்பம் என்று பிரித்து, முன்னதற்கு மட்டும் தந்தையார் எனக்கு அனுமதி தந்திருந்தார்.

1969ஆம் ஆண்டு இல்ல மெய்வல்லுநர் போட்டியின் இறுதி நாள் ஒரு ஞாயிறாக அமைந்தது. 440 யார் ஓட்டத்தில் எங்கள் இல்லத்தின் நம்பிக்கை நானே. நான் விளையாட்டாசிரியரிடம் சென்று, ஞாயிறன்று ஓடுவதில்லை என்பது எங்கள் சமயக் கட்டுப்பாடு என்றேன். அவர் திருநீறு துலங்கும் நெற்றியை உடைய சைவப் பெரியார். சிறிது நேரம் என்னையே பார்த்துவிட்டு, "உன் சுவாமிக்குக் கொடுத்த வாக்கை முறிக்கும்படி நான் சொல்லலாமோ, தம்பி? போய்ப் படி" என்றார். இல்லத்துப் பிள்ளைகளில் ஒருவனும் என்னைக் கடியவில்லை. அன்றிரவு விடுதியில் சிவபுராணம் ஓதி முடிந்ததும் இருவர் என் கையைப் பற்றிக் குலுக்கினர். எனக்கு உணவு இறங்கவில்லை.

காரணம் இதுதான்: அதற்கு முந்திய வாரப் பயிற்சியிலே எதிரில்லத்து மாணவன் ஒருவன் என்னை ஐந்து யாருக்கு மேல் முந்தியிருந்தான். தோற்றுவிடுவேன் என்று அஞ்சினேன். ஞாயிறு எனக்கு ஒளிவிடமாக வாய்த்தது. அந்த ஓட்டம் ஒரு செவ்வாயன்று வந்திருந்தால் வயிற்றுவலி வந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஒருமுறை ருசி கண்ட பாசாங்கு எளிதில் விடுவதில்லை. எழுபதுகளிலே பொப்பிசை நம் நாட்டுத் தமிழரிடையே பரவியது. நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே" என்ற பாட்டும், சிங்களமும் தமிழும் கலந்த ஏ. ஈ. மனோகரனின் "சுராங்கனி"யும் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. பொப்பிசை பண்பாட்டைக் கெடுக்கும் என்று விவாத அரங்கிலே முழங்கிய மாணவன் நானே. சைவப் பெரியோரும் பாதிரிமாரும் ஒருங்கே தலையசைத்தனர். சமய ஒற்றுமை அத்துணை எளிதாகக் கைகூடியதை நான் வேறெங்கும் கண்டிலேன்! அன்றிரவே போர்வைக்குள் வானொலிப் பெட்டியைக் காதோடு வைத்து அதே பாட்டைக் கேட்டேன்.

இன்று என் கருத்து வேறு. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பைலாவின் துள்ளலைத் தமிழ் நாவுக்கு இசைத்த அப்பாட்டுக்களில் ஒரு தீங்குமில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சியையே எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறத்தியைக் கிறிஸ்துவின் கதைக்குள் வரவேற்ற மரபில் வந்தவர்கள் கித்தாரைக் கண்டு மிரளுவானேன்?

லிடெலின் கதையிலும் எங்கள் உபதேசியார் சொல்லாத பகுதியொன்று இருப்பதைப் பின்னாளிலே படித்தேன். சீனாவில் மிஷன் ஊழியராயிருந்த அவர், யுத்த காலத்தில் ஜப்பானியரின் வெய்சியன் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்குள்ள சிறுவர்கள் ஒரு ஞாயிறன்று தாமாகவே ஹொக்கி ஆடி, மத்தியஸ்தர் இல்லாமையாற் சண்டையிட்டுக்கொண்டனர். அடுத்த ஞாயிறு லிடெல் மைதானத்திற்கு வந்து மத்தியஸ்தராக நின்றார். தம் பதக்கத்துக்காக ஞாயிறை விட்டுக்கொடாத மனிதர், பிறர் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். 1945 பெப்ரவரியில் அம்முகாமிலேயே மூளைக் கட்டியினால் இறந்தார். மறுத்த லிடெலை மட்டுமே நான் பார்த்துப் படித்திருந்தேன். அதையும் பிழையாகவே படித்திருந்தேன்.

இப்போது ஞாயிறு காலையில் தனியார் வகுப்புக்களோடு அறநெறிப் பாடசாலையும் எங்கள் ஞாயிறு பள்ளியும் ஒருங்கே போராடுகின்றன. சட்டத்தால் அவ்வகுப்புக்களைத் தடுக்கவேண்டுமென்போர் பலர். நான் அதற்கு உடன்படத் தயங்குகின்றேன். சட்டம் ஒரு நாளை ஒழித்துத் தரலாம். அந்த நாளில் ஒரு பையன் எதற்காகக் கோயிலுக்குப் போகின்றான், எதற்காக மைதானத்திற்குப் போகாதிருக்கின்றான் என்பதை அவனன்றி யாரறிவார்? கேள்வி கேளாமல் என்னை நம்பிய அந்தச் சைவ ஆசிரியர் செய்தது அதனினும் வன்மையான காரியம். அவர் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்டிருந்தால் வாதாடி வென்றிருப்பேன். என் பொய் எனக்கே உண்மையாகத் தோன்றியிருக்கும்.

சில ஆண்டுகளின் முன் பழைய மாணவர் ஒன்றுகூடலிலே, அன்று 440 யார் ஓட்டத்தில் வென்ற நண்பரைக் கண்டேன். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. மேடையில் இளைஞர்கள் "சுராங்கனி"யைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடந்ததை அவரிடம் முழுவதும் சொன்னேன். நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கிண்ணத்தை நான் வீட்டில் ஒருவருக்கும் காட்டினதில்லை, மச்சான். நீ ஓடியிருந்தால் தோற்றிருப்பேன் என்றல்லவோ இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார்.