கம்பி சுற்றத் தெரிந்த ஊர்

1990இல் போரால் மின்சாரம் நின்றபின் யாழ்ப்பாணத்தில் பாட்டுக் கேட்க ஒருவர் சைக்கிள் மிதிக்க வேண்டியிருந்தது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். கவிழ்த்து வைத்த சைக்கிளின் டைனமோவே றேடியோவுக்கு உயிர் கொடுத்தது. அந்தக் கைவேலை இன்றைய பாடசாலைக்குள் நுழையாதது வியப்புத்தான்.

அதற்கு நல்ல வாசல், நிகோலா டெஸ்லா 1891இல் உருவாக்கிய சுருளின் குட்டி வடிவம். ஒரு பிளாஸ்டிக் குழாய், தலைமயிர் போன்ற எனாமல் செம்புக் கம்பி, ஒரு திரான்சிஸ்டர், ஒரு தடை, 9 வோல்ட் பற்றரி. இவ்வளவே. அருகே பிடித்த குழல்விளக்கு கம்பித் தொடுப்பின்றி ஒளிரும்.

ஒளிர்ந்தால்தானே! இருநூறு முந்நூறு சுற்றுக்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றவேண்டும். பாதியில் கம்பி அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்துதான். முனையில் எனாமலைச் சுரண்ட மறந்தால் மின் ஓடாது. எல்லாம் சரியாக இருந்தும் மின்சுற்று உறங்கினால், இதற்கு வெளியே சில சுற்றுக்களாகச் சுற்றும் முதற்சுருளின் இரு முனைகளையும் மாற்றிப் பொருத்திப் பார்க்கவேண்டும். பெரும்பாலானோர் தடுக்குவது இங்கேதான். திரான்சிஸ்டரோ சில நிமிடங்களில் கொதித்துவிடும்.

உயர்தரப் பௌதிகவியல் பரீட்சையிலோ செய்முறையும் தாளில் எழுதும் வினாவாகவே வருகிறது. பரிவு மீடிறனை மனனம் செய்த மாணவர், சுருளின் மேல் கையைக் கொண்டுபோனதும் அது மாறுவதைக் கண்டதில்லை. ரியூசனுக்குப் போகும் மாலைகளில் ஒன்றையாவது பெற்றோர் இதற்கு விடலாம். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் பெரிய சுருள் மட்டும் வேண்டாம். அது ஆளைக் கொல்லும்.