பாலாற்றங்கரை வீரனும் பெண் எழுத்தும்: ரசிகர் புனைவில் ஆண் பாத்திர மையம் குறித்த ஒரு கருத்துரை

முன்னுரை

வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் அமைந்துள்ள பள்ளிகொண்டா, திருமாலின் கிடந்த கோலத்தால் பெயர் பெற்ற ஊராகும். தன்னை விலக்கிப் பிரமன் வேள்வி இயற்றியதால் சினந்த கலைமகள் ஆறாகப் பெருகி வந்தாள் எனவும், அவ்வெள்ளத்தைத் தடுக்கப் பெருமாள் குறுக்கே பள்ளிகொண்டார் எனவும் இவ்வட்டாரத் தலபுராணம் கூறும். திருப்பாற்கடல், காஞ்சித் திருவெஃகா ஆகிய தலங்களும் இக்கதையுடன் இணைத்துப் பேசப்படுகின்றன. சினம் பெண்ணுடையது, கதையை நகர்த்துவதும் அச்சினமே. ஆயினும் ஊர்ப்பெயரில் நிலைத்தது ஆணின் செயல். ஒரு மூலக்கதை யாருடைய செயலை மையமாக்குகிறதோ அவரைச் சுற்றியே பின்வரும் கதைகளும் அமைகின்றன என்பதற்கு இதனை எளிய சான்றாகக் கொள்ளலாம்.

ஒரு படைப்பின் மீது பற்றுக்கொண்ட வாசகர், அதன் பாத்திரங்களைக் கொண்டு தாமே எழுதும் கதைகளை ரசிகர் புனைவு என்பர். இவற்றை எழுதுவோருள் பெண்கள் மிகுதி. எனினும் அவர்கள் எழுதுவது பெரும்பாலும் ஆண் பாத்திரங்களைப் பற்றியதாக உள்ளது. இதனைப் பெண்ணியத்திற்கு முரணானது என்றும், பக்குவமற்ற விருப்பம் என்றும் ஒதுக்கும் போக்குக் காணப்படுகிறது. அவ்வாறு ஒதுக்குவது தமிழ் மரபையே அறியாமல் ஒதுக்குவதாகும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

வந்தியத்தேவன் என்னும் சான்று

தமிழில் மிகுதியான மறுபுனைவுகளுக்கு இடமளித்த நவீனப் படைப்பு கல்கியின் பொன்னியின் செல்வன் (1950 - 1954). இதன் தொடர்ச்சியாக விக்கிரமன் எழுதிய நாவல் நந்திபுரத்து நாயகி. அனுஷா வெங்கடேஷ் எழுதியது காவிரி மைந்தன். ஆண் எழுத்தாளர் தம் நூலுக்குப் பெண்ணைத் தலைப்பாக்க, பெண் எழுத்தாளர் ஆணைத் தலைப்பாக்கியுள்ளார். தலைப்பு மட்டுமே முடிவுக்குச் சான்றாகாது. ஆயினும் வினா எழுப்ப அது போதும்.

பொன்னியின் செல்வனில் வலிமையான பெண் பாத்திரங்கள் இல்லை என்று எவரும் கூறார். குந்தவையின் அரசியல் அறிவும், நந்தினியின் வஞ்சினமும், பூங்குழலியின் தன்னுரிமையும் இன்றி அந்நாவல் இல்லை. ஆனால் கதைவெளி எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பது நோக்கத்தக்கது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மீது வரும் வந்தியத்தேவனோடு நாவல் தொடங்குகிறது. தஞ்சை, பழையாறை, ஈழம் என அவன் செல்லுமிடமெல்லாம் வாசகரும் செல்கின்றனர். குந்தவையின் ஓலை ஈழம் செல்கிறது, குந்தவை செல்லவில்லை. நந்தினி வெளியே வருவது மூடுபல்லக்கில். பூங்குழலி ஒருத்தியே தானே படகு செலுத்திக் கடலைக் கடக்கிறாள். கடற்பயணம் மகளிரோடு நிகழ்வதில்லை எனத் தொல்காப்பியம் வகுத்த நெறியைப் பூங்குழலியின் துடுப்பு மீறுகிறது. அம்மீறல் நினைவில் நிற்பதற்கு அதன் அருமையும் ஒரு காரணமாகும்.

ஆகவே, கதையைத் தொடர விரும்பும் வாசகி எங்கும் செல்ல இயன்ற ஒரு பாத்திரத்தைத் தேடுகிறாள். அப்பாத்திரம் ஆணாக இருப்பது அவள் செய்த ஏற்பாடன்று. மூலநூல் செய்து வைத்த ஏற்பாடு. வேலூர், ஆம்பூர்த் தோல்தொழில் வட்டாரத்தில் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறிச் செல்லும் பெண்களின் பயணம், பணிநேரத்தாலும் வீடு திரும்ப வேண்டிய நேரத்தாலும் வரையறுக்கப்பட்டது. எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்ற வினாக்கள் இன்றி நிகழும் பயணம், இன்றும் பெண்ணுக்குப் பெரும்பாலும் புனைவில்தான் வாய்க்கிறது.

இங்கு ஒரு வரலாற்று முரணையும் சுட்டலாம். வாணர் குலத்தவனாகக் கல்கி வந்தியத்தேவனைப் படைத்தார். கல்வெட்டுகள் வாணபுரம் எனக் குறிக்கும் திருவல்லம் இதே பாலாற்று வட்டாரத்தைச் சேர்ந்தது. ஆனால் வரலாற்று வந்தியத்தேவர் இன்று பெரிதும் அறியப்படுவது, தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவையார் அளித்த கொடைகளைப் பதிவுசெய்த கல்வெட்டுகள் அவரை அவ்வம்மையாரின் கணவராகக் குறிப்பிடுவதால்தான். கல்லில் பெண்ணின் கொடை வழியே ஆணின் பெயர் நின்றது. நாவலில் ஆணின் பயணம் வழியே பெண்ணின் கதை நகர்ந்தது. இந்த இடமாற்றத்தைத்தான் ரசிகர் புனைவு எழுதும் பெண்கள் மரபாகப் பெற்றுள்ளனர்.

தன்கதை என்னும் தளை

இரண்டாவது காரணம் வாசிப்பு முறையைச் சார்ந்தது. பெண் ஒருத்தி பெண்ணைப் பற்றி எழுதினால் அது அவளது சொந்த வாழ்க்கையாகவே வாசிக்கப்படுகிறது. போர்வைக்கோப் பெருநற்கிள்ளியை விரும்பி, தாய்க்கு அஞ்சியும் அவைக்கு நாணியும் தவிக்கும் உள்ளத்தை நக்கண்ணையார் பாடினார் (புறம். 83). கைக்கிளைத் திணையில் அமைந்த அப்பாடல்கள் அவர்தம் வாழ்க்கைக் குறிப்புகளாகவே கொள்ளப்பட்டன. வெள்ளிவீதியாரின் பிரிவுத் துயரையும் அலைவையும் ஔவையாரே தம் பாடலில் உவமையாக்குகிறார் (அகம். 147). 2002இல் குட்டி ரேவதியின் முலைகள் தொகுப்பு வெளிவந்தபோது எழுந்த எதிர்ப்பு, கவிதையைக் கடந்து கவிஞரையே இலக்காக்கியது.

மேலை நாடுகளிலும் நிலை வேறன்று. ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் ரசிகைகள் எழுதிய கதைகளில் பெண் தலைமைப் பாத்திரம் தோன்றினால், அது எழுதியவளின் பகற்கனவு என எள்ளப்பட்டது. அவ்வெள்ளலுக்கு ‘மேரி சூ’ என்ற பெயரே 1973இல் பவுலா ஸ்மித் எழுதிய ஒரு பகடிக் கதையிலிருந்து பிறந்தது. அதே காலத்தில் அத்தொடரின் கிர்க், ஸ்போக் என்னும் இரு ஆண்களின் அன்பை மையமிட்ட கதைகள் பெருகின. ஜோனா ரஸ் போன்ற பெண்ணிய எழுத்தாளர்கள் அவற்றை 1980களிலேயே கருத்தூன்றி ஆராய்ந்தனர். ஆண் பாத்திரம் இங்கு ஒரு திரையாகிறது. அதன் பின்னிருந்து, கற்பு குறித்த விசாரணைக்கு ஆளாகாமல், விருப்பத்தையும் அச்சத்தையும் பெண் எழுத முடிகிறது.

கையில்லாத ஊமன்

மூன்றாவது காரணமே இன்றியமையாதது. பெண்கள் ஆண் பாத்திரத்தை இருந்தவாறே எழுதுவதில்லை, மாற்றி எழுதுகின்றனர். இதற்குத் தமிழின் தொன்மையான சான்றுகளுள் ஒன்று வெள்ளிவீதியாரின் குறுந்தொகை 58ஆம் பாடல். அது தலைவன் கூற்று. வெயில் காயும் பாறையில் வைத்த வெண்ணெய் உருகுவதைக் கையில்லாத ஊமன் ஒருவன் கண்ணாலேயே காக்க முயல்வது போலத் தன் நோய் பரவுவதாகத் தலைவன் பாங்கனிடம் கூறுகிறான். கையும் இல்லை, சொல்லும் இல்லை. வீரமும் வினையும் ஆணுக்கு இயல்பு என்று கூறும் மரபினுள், ஒரு பெண்பாற் புலவர் ஆணை இவ்விரண்டும் அற்றவனாகக் காண்கிறார். காயமுற்ற வீரன், அழும் அரசன், தோழனைத் தாங்கும் தோழன் என இன்றைய ரசிகர் புனைவுகள் படைக்கும் ஆண்கள் இவ்வூமனின் வழிவந்தோர் எனலாம். பெண்ணின் நிலையை விவரிப்பதோடு நில்லாமல், ஆண் எவ்வாறு இருக்கலாம் என்று முன்மொழிவதும் பெண் எழுத்தின் பணியே.

மறுதலையான நிகழ்வுக்கு நம் ஆய்வுலகம் வேறோர் அளவுகோலைப் பயன்படுத்துகிறது. அகப்பாடல்களில் தலைவியாகவும் தோழியாகவும் பேசிய புலவருள் பெரும்பாலோர் ஆண்கள். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் போற்றப்படுகின்றனர். மகளிர் மடலேறுதல் நெறியன்று என்ற தொல்காப்பிய விதியை மறுத்து மடலூர்வேன் எனப் பாடிய திருமங்கையாரின் பெண்குரல், பத்தியின் உச்சமாகக் கொண்டாடப்படுகிறது. ஆண் பெண்ணாகப் பேசினால் மரபு. பெண் ஆணாகப் பேசினால் மட்டும் ‘ஏன்?’ என்ற வினா. அவ்வினா ஆராயத்தக்கதே; ஆனால் இரு பாலாரிடமும் கேட்கப்பட வேண்டும்.

எதிர்வாதம்

இதற்கு மறுப்பும் உண்டு. பெண்களும் ஆண்களையே எழுதினால் பெண்களின் கதையை எழுதுவோர் யார் என்பது புறந்தள்ளத்தக்க வினா அன்று. அம்பையின் அடவி, ஓல்காவின் தெலுங்குக் கதைகளான விமுக்தா ஆகியவை சீதையை மையமாக்கி, மூலக்கதை அடைத்த வழிகளைத் திறந்தன. வஞ்சினத்துக்கு அப்பாலான நந்தினியும், பேச இயலாத மந்தாகினியும் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியவர்களே. எல்லா ஆண் மையப் புனைவும் மாற்றத்தை வேண்டுவதன்று. வீரவழிபாட்டோடு நின்றுவிடுவனவும் பல. ஆயினும் இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஒன்று பெண்ணுக்கு மறுக்கப்பட்ட வெளியை மீட்கிறது. மற்றொன்று அவ்வெளியை உரிமை கொண்டிருப்பவனின் இயல்பை விசாரிக்கிறது.

முடிவுரை

தமிழியல் ஆய்வேடுகளில் பெண்ணிய நோக்கு என்பது பெரும்பாலும் ‘பெண் பாத்திரப் படைப்பு’ என்னும் இயலோடு முடிந்துவிடுகிறது. ஆண் பாத்திரத்தைப் பெண் எவ்வாறு படைக்கிறாள் என்பது தனித்த ஆய்வுப் பொருளாக வளரவில்லை. வெள்ளிவீதியாரின் தலைவன் கூற்றையும் இன்றைய மாணவி எழுதும் வந்தியத்தேவன் கதையையும் ஒரே வினாவின் கீழ் வாசிக்க இயலும். அவ்வினா, ‘இவள் ஏன் ஆணை எழுதினாள்?’ என்பதன்று, ‘இவள் எழுதியதால் அந்த ஆண் என்னவாக மாறினான்?’ என்பது. மாணவியர் நோட்டுகளிலும் கைபேசிகளிலும் எழுதி, நகையாடலுக்கு அஞ்சி மறைத்து வைக்கும் இக்கதைகளைத் துறைகள் தொகுத்துப் பேணுதல் முதற்பணி. பள்ளிகொண்டாவின் கதையை நாளை ஒரு பெண் ஆற்றின் குரலில் எழுதலாம். குறுக்கே கிடந்தவனின் குரலில், வெள்ளத்தைத் தடுத்தது முறைதானா என அவனையே வினவச் செய்தும் எழுதலாம். இரண்டையும் பெண் எழுத்தாக ஏற்று மதிப்பிடும் வகையில் திறனாய்வு தன் அளவுகோலைத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.