செருப்புக்குக் காசு கட்டிய ‘அசல்’

எம்.ஜி.எம். 1939இல் எடுத்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்துக்கு முறையான தொடர்ச்சி ஒன்றே ஒன்றுதானாம். அது டிஸ்னியின் ‘ரிட்டர்ன் டு ஓஸ்’ (1985). மற்றதெல்லாம் பெயரைத் திருடிப் பிழைப்பவை. இப்படித் தீர்ப்பெழுதிய நண்பர், அதற்கு முன் பட்டாவைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

டிஸ்னி 1954இல் வாங்கியது, ஓஸ் கதைகளை எழுதிய எல். ஃபிராங்க் பாமின் மற்ற ஓஸ் நாவல்களின் உரிமையை. 1904லும் 1907லும் வந்த இரண்டு நாவல்களைக் கலந்துதான் இயக்குநர் வால்டர் மர்ச் படமெடுத்தார். எம்.ஜி.எம். படத்திலிருந்து காசு கொடுத்து வாங்கியது சிவப்புச் செருப்பை. மூல நாவலில் நாயகி டோரத்தி போடுவது வெள்ளிச் செருப்பு. டெக்னிகலரில் பளிச்சென்று தெரியட்டும் என்று 1939இல் சிவப்பாக்கினார்கள். நண்பர் விழுந்து கும்பிடும் ‘முறை’ இந்த ஒரு ஜோடிச் செருப்புதான்.

பழைய படத்தின் ஆன்மாவை அது காப்பாற்றியதாகவும் எழுதுகிறார். படத்தைப் பார்த்தாரா? தூக்கமில்லாமல் ஓஸ், ஓஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கும் சிறுமியை மின்சார வைத்தியத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். படுக்கையில் வாரால் கட்டுகிறார்கள். அப்புறம் மோம்பி என்றொரு சூனியக்காரி. கண்ணாடி அலமாரிகளில் பெண் தலைகளை வரிசையாக வைத்துக்கொண்டு, வேண்டியதை எடுத்து மாட்டிக்கொள்கிறாள். 1939இல் டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்டின் பாட்டுப் படத்துக்கும் இதற்கும் என்ன உறவு? எனக்கு இந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். 1939ஐச் சட்டை செய்யாமல் பாமிடம் திரும்பியதால்தான் பிடிக்கும்.

முத்திரை இல்லையென்றால் ரத்த உறவாவது வேண்டும் என்பது அவருடைய அடுத்த பிடி. ‘ஜர்னி பேக் டு ஓஸ்’ கார்ட்டூனில் டோரத்திக்குக் குரல் கொடுத்தவர் கார்லண்டின் மகள் லைசா மினெல்லி. பழைய சூனியக்காரி மார்கரெட் ஹாமில்டனும் அதில் உண்டு. 2014இல் வந்த ‘லெஜெண்ட்ஸ் ஆஃப் ஓஸ்’, பாமின் கொள்ளுப்பேரன் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது, தியேட்டரில் படுத்துவிட்டது. இரண்டையும் இன்று யார் தேடிப் பார்க்கிறார்கள்?

‘விக்கெட்’ மீதுதான் அவருக்கு உச்சகட்டக் கோபம். பாமின் முதல் ஓஸ் நாவல் 1956லேயே பொதுச் சொத்தாகிவிட்டது. அதை எடுத்து ‘விக்கெட்’ நாவலை எழுத கிரெகரி மக்வயர் 1995இல் யாரிடம் கைகட்டி நிற்க வேண்டும்? பாமின் மேற்குத் திசைச் சூனியக்காரிக்கு ஒற்றைக் கண்; பச்சைத் தோல் 1939 படம் பூசியது. அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டு, ஏன் இவளைப் பார்த்துப் பயந்தோம் என்று கேட்டவர் மக்வயர். பழைய படத்தோடு நேருக்கு நேர் சண்டை போட்டது நண்பர் தள்ளிவைத்த இந்தக் கதைதான். ‘விக்கெட்’ 2024இல் படமானபோது செருப்பு மறுபடி வெள்ளியானது. சிவப்பு இன்னும், பழைய படத்தின் உரிமையை வைத்திருக்கும் வார்னர் நிறுவனத்தின் கையில்.

படைப்பாளியின் விருப்பம் என்ற கடைசி அஸ்திரத்தையும் பார்த்துவிடலாம். பாம் 1910இல் ஓஸை வெளி உலகத்திலிருந்து மறைத்து, தொடரையே முடித்துவைத்தார். மறு வருஷம் திவால். 1913இல் அடுத்த ஓஸ் நாவல் கடைக்கு வந்துவிட்டது. அவர் 1919இல் இறந்த பிறகு பதிப்பகம் ரூத் பிளம்லி தாம்ஸனை அமர்த்தி இன்னும் 19 நாவல்கள் எழுத வைத்தது. எல்லாம் முறைப்படி, முத்திரையோடு.