விரல்களின் விலை

நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகைக்கு விலை உண்டு. முகூர்த்த நாளில் அது ஏறும். வரத்து மிகுந்த நாளில் இறங்கும். மிஞ்சிய பூ சென்ட் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும். அவ்விலையைக் குறித்து விவசாயியும் மண்டிக்காரரும் வியாபாரியும் தினந்தோறும் வாதாடுகிறார்கள். ஆனால் அப்பூவைத் தொடுக்கும் விரல்களின் விலைக்காக வாதாடுவார் யார்?

இக்கேள்வி இப்பொழுது அவசரமாகியிருக்கிறது. பாட்டியிடமும் தாயிடமும் பொழுதுபோக்காகப் பூத்தொடுக்கக் கற்ற பெண்கள், இன்று தமிழ்நாடெங்கும் மணப்பெண் ஜடை, வளைகாப்பு மாலை, ஆரத்தித் தட்டு முதலியவற்றை வீட்டிலேயே செய்து, கைப்பேசி வழியாக விலை பேசி விற்கிறார்கள். வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த கலை உபதொழிலாக வெளிவருவதை நாம் மனமார வரவேற்கிறோம். சுயமாகச் சம்பாதித்த நூறு ரூபாய் ஒரு ஸ்திரீக்குத் தரும் தைரியத்தை, பிறர் கொடுத்த ஆயிரம் ரூபாய் தராது.

ஆனால் இத்தொழிலில் ஒரு பெருங்குறை உண்டு. ஒரு ஜடைக்குப் பூவும் நூலும் சேர்ந்து 600 ரூபாய் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மணி நேரம் குனிந்திருந்து அதை முடித்தவர் 750 ரூபாய் பெற்று, 150 ரூபாய் லாபம் என்று மகிழ்கிறார். லாபமாவது! மணிக்கு 30 ரூபாய் கூலி அது. சந்தைக்குப் போய்வந்த செலவும், வாடி வீணான பூவும் அதில் கழிக்கப்படவே இல்லை. "சும்மா இருக்கும் நேரந்தானே" என்று வீட்டார் சமாதானம் சொல்லுகிறார்கள்.

சும்மா இருக்கும் நேரம் என்பது யாருக்கு? அதே தெருவில் பூக்கட்டியே ஜீவனம் செய்யும் விதவைக்கு அது சோற்று நேரம். பொழுதுபோக்குக்காரர் 750 ரூபாய்க்குக் கொடுத்தால், அடுத்த கல்யாண வீட்டில் அவ்விதவையும் அதே விலைக்கு இறங்கத்தான் வேண்டும். ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய கூலியைத் தின்பது நியாயமாகுமா?

இது புதிய வழக்கன்று. நூற்பும் ஏழைப் பெண்களின் ஓய்வு வேளை உபதொழிலாகவே கருதப்பட்டது. ஆகவே அற்பக் கூலி போதுமென்று இருந்துவிட்டார்கள். 1935-ஆம் ஆண்டில் காந்தியடிகள் இதை ஆட்சேபித்தார். எட்டு மணி நேரம் திறமையாக நூற்பவருக்கு எட்டணாவாவது கிடைக்க வேண்டும் என்றார். கதரின் விலை ஏறும், விற்பனை விழும் என்று ஊழியர்கள் அஞ்சினார்கள். எட்டணா உடனே கைகூடவில்லை. ஆயினும் சர்க்கா சங்கம் கூலியை உயர்த்தியது. உபதொழிலாயினும் உழைப்பு உழைப்பே என்ற தர்மம் நிலைபெற்றது.

கீர்த்தி மட்டும் கூலியைக் காப்பாற்றாது. மதுரை மல்லிகைக்கு 2013-லும், தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான், எனினும் அக்குறியீடு பெயரைக் காக்குமேயன்றித் தொடுப்பவருக்கு நாட்கூலியை நிர்ணயிக்காது. மத்திய சர்க்கார் 2023-ல் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் மாலை கட்டுதலும் ஒன்று. சர்க்காரே தொழிலென்று ஒப்புக்கொண்டதை நாம் வீட்டு விளையாட்டென்று தள்ளுவது அழகா?

விலையை உயர்த்தினால் வாடிக்கை போய்விடும் என்பார்கள். சில வாடிக்கைகள் போகத்தான் செய்யும். ஆனால் அடிமாட்டு விலைக்குக் கேட்பவரிடம் "முடியாது" என்று சொல்லும் சுதந்திரம், அன்றைய அரிசிக்கு அத்தொழிலை நம்பியிராதவருக்கே உண்டு. அதனால் முதலில் மறுக்க வேண்டிய கடமையும் அவருடையதே. பூ, நார், போக்குவரத்து, கழிவு ஆகியவற்றோடு உழைத்த மணிகளையும் கணக்கில் எழுதுக. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. பூத்தொடுப்போர், ஜீவனத்திற்காகச் செய்வோரும் ஆசைக்காகச் செய்வோரும் ஒருங்கே அங்குக் கூடி, முழத்திற்கும் ஜடைக்கும் இன்னது குறைந்த கூலி என்று தீர்மானிக்கட்டும்.

நமது நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைவருக்கு ஆளுயர மாலை போடப் பணம் திரட்டும் அன்பர்களே, மாலை கட்டியவரிடம் பேரம் பேசாதீர்கள். மேடையில் உழைப்பாளியின் உரிமையை முழங்கிவிட்டு, பூக்கடையில் பத்து ரூபாய்க்கு வழக்காடுவது தேச சேவையாகாது. கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டு மேடை ஏறுங்கள்.