மலைக்கு வருவோருக்குப் படுக்கை வாடகை விடுதி



கோடை விழாவின்போது ஏற்காட்டிலும், ஆடிப்பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழா நடக்கும்போது கொல்லிமலையிலும் அறை வாடகை எளியவர்களுக்கு எட்டுவதில்லை. தனியாக வரும் மாணவரும் முழு அறைக்கே பணம் கட்ட வேண்டும். படுக்கைக் கணக்கில் வாடகை வாங்கும் டார்மிட்டரி விடுதிகளே இதற்கு வழி. 1912-இல் ஜெர்மனியின் அல்டேனா கோட்டையில் ரிச்சர்டு ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. இந்திய இளைஞர் விடுதிகள் சங்கம் 1949-லேயே உருவாகிவிட்டது. ஆனால் நம் வரிக்கொள்கை எதிர்த்திசையில் போனது. நாளொன்றுக்கு 1,000 ரூபாய்க்கும் குறைவான தங்குமிடங்களுக்கு இருந்த ஜிஎஸ்டி விலக்கை 2022 ஜூலையில் நீக்கி, 12 சதவீதம் விதித்தார்கள். 2025 செப்டம்பரில் அது 5 சதவீதமானது நல்லதே. இந்தப் பிரிவுக்கு வரியே கூடாது என்பது என் கருத்து.

பொதுக்கூடத்தில் திருட்டு, இரைச்சல், கழிப்பறை அசுத்தம், பெண்களுக்குப் பாதுகாப்பின்மை என்று சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் பூட்டுள்ள அலமாரி, பெண்களுக்குத் தனிக்கூடம், இரவுக் காவலர், வேளாவேளைக்குத் துப்புரவு இருந்தால் இவை பெரிதும் தீரும். லாட்ஜ்காரர்களின் பிழைப்பு கெடும் என்பதை ஏற்க முடியவில்லை. கையில் காசில்லாதவர் லாட்ஜுக்குப் போவதில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இருட்டோடு இருட்டாக இறங்கத் துணிகிறார். அவர் இரவு தங்கினால் மலைவாழ் மக்களின் மிளகுக்கும் பலாவுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் மறுநாள் வியாபாரம் உண்டு. சுற்றுலாத் துறை முதலில் கொல்லிமலையின் செம்மேட்டில் இத்தகைய விடுதி ஒன்றைத் தொடங்க வேண்டும்.

– வாசகர், ராசிபுரம்